பழைய பாய்மரப் படகு வாங்குகிறீர்களா? பட்டியலைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள்

விற்பனைக்கு வருகிற பாய்மரப் படகு எதுவானாலும் கூடவே ஒரு பட்டியல் வரும். முதல் வரியில் கடல் வரைபடம் காட்டும் சார்ட்பிளொட்டர், ரேடார், சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ். அடுத்து சோலார் பேனல், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷின், ஃபிரிஜ், ரப்பர் போட், அதற்கொரு அவுட்போர்ட் எஞ்சின். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரே ஒரு வரி: "பாய்கள் நல்ல நிலையில்." தலைப்பில் "நன்றாகப் பராமரிக்கப்பட்டது" என்று கட்டாயம் இருக்கும். அந்தச் சொல்லுக்குச் சாட்சி மேல் வரிகளில் கிடைக்காது. ரேடாரைக் காசு கொடுத்தால் ஒரே நாளில் மாட்டிவிடலாம். பாயும் பாய்மரத்தைத் தாங்கும் கம்பியும் எஞ்சினும் எப்படி இருக்கின்றன என்பதில்தான் பத்து வருஷக் கவனிப்பு தெரியும்.

மலைநாட்டு மஸ்கெலியாவில் உட்கார்ந்துகொண்டு கடல் படகைப் பற்றி எழுதுகிறாளே என்று யாராவது கேட்கலாம். மினுவாங்கொடையில் பாய் தயாரிக்கும் நோர்த் செயில்ஸ் தொழிற்சாலை இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது. உலகம் சுற்றுகிற படகுகளின் பாய்களில் எத்தனையோ நம் நாட்டில் தைத்தவை. என்னோடு படித்த பிள்ளைகள் கார்மென்ட்ஸுக்குப் போன வயதில் நான் அந்தப் பக்கம் பாய் தைக்கப் போனேன். இப்போது வீட்டிலேயே ஒரு கனமான ஸிக்ஸாக் மெஷின் வைத்திருக்கிறேன். திருகோணமலையிலிருந்தும் காலியிலிருந்தும் பஸ்ஸில் பாய் வரும். தைத்துத் திருப்பி அனுப்புவேன். வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர். கீழே எஞ்சினைப் பற்றி வருவதெல்லாம் அவர் சொன்னது.

அக்கா மகன் உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறான். கூட்டாளிகளோடு சேர்ந்து 34 அடிப் படகொன்று வாங்கப் பார்க்கிறான். பட்டியலை வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, "சித்தி, எல்லாமே இருக்கு, வேற என்ன பாக்கணும்?" என்று கேட்டான். அவனுக்கு எழுதிய பதில்தான் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

எப்போது போவது, என்ன கொண்டு போவது

திருகோணமலைக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை சாந்தமாக இருக்கும். நவம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே படகு ஓட்டிப் பார்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். காலி, மிரிஸ்ஸ பக்கம் அதற்கு மாறு: டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். தாய்லாந்து, மலேசியாவிலிருந்து மாலைதீவுக்கோ செங்கடலுக்கோ போகிற படகுகள் வருஷப் பிறப்பையொட்டித்தான் இலங்கைக்கு வரும். அதில் சிலர் களைத்துப்போய் இங்கேயே விற்க நினைப்பதும் உண்டு.

இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒன்று கரையில் ஏற்றி வைத்திருக்கும்போது, மற்றது தண்ணீரில். கரையில் மட்டும் பார்த்தால் எஞ்சின் தெரியாது. தண்ணீரில் மட்டும் பார்த்தால் அடிப்பாகம் தெரியாது.

பையில் டோர்ச், சின்னக் கண்ணாடி, பூதக்கண்ணாடி, பிளாஸ்டிக் தலைச் சுத்தியல், மல்டிமீட்டர், பஞ்சு, கொப்பி, பென்சில் இருக்கட்டும். போவதற்கு முதல் நாளே சொந்தக்காரருக்குக் கோல் எடுத்து, "நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

பாய்

பையைக் காட்டி "உள்ளே இருக்கிறது" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். விரிக்க வேண்டும். படகின் தளத்தில் இடம் போதாது. கோயில் மண்டபம், பள்ளிக்கூட ஹோல், கல் இல்லாத புல்தரை எதுவும் சரி. நான் தோட்டத்து மண்டபத்தில், பெட்மின்டன் கோடு போட்ட தரையில் விரிப்பேன். கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர், 34 அடிப் படகின் மெயின் பாய், அதாவது பாய்மரத்துக்குப் பின்னால் ஏறுகிற பெரிய பாய், அதற்குள் அடங்கும்.

முதலில் நூல். கடலோடிப் படகுகளில் பெரும்பாலும் டாக்ரன் பாய்தான், அதாவது பொலியெஸ்டர். நம் வெயிலில் துணிக்கு முன்னால் நூல் செத்துவிடும். துணி நெருக்கி நெய்தது. நூலோ மேலே எழும்பி நின்று வெயிலை வாங்குகிறது. பெருவிரல் நகத்தால் தையலின் மேல் குறுக்கே அழுத்திச் சுரண்டுங்கள். நல்ல நூல் அசையாது. செத்த நூல் அறுந்து பொடியாக வரும். இதைப் பாயின் நடுவில் செய்து பிரயோசனமில்லை. மெயின் பாயின் பின் ஓரத்தில், மேல் மூன்றில் ஒரு பங்கில் சுரண்டுங்கள். முன்பாயில் வெயில் மறைக்கும் பட்டையை ஒட்டிச் சுரண்டுங்கள். வெயில் அங்கேதான் விழுந்திருக்கும்.

நூல் மட்டும் போயிருந்தால் பாயை ஒதுக்காதீர்கள். எல்லாத் தையலுக்கும் மேலே மறுபடி ஒரு ஓட்டு ஓட்டினால் இன்னும் சில வருஷம் உழைக்கும். துணியே போயிருந்தால் கதை வேறு: ஊசி போன துளை வரிசையிலேயே கிழிந்துகொண்டு போகும். அப்படிப்பட்ட பாய் வந்தால் காசு வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். அதைத் தைத்துக் கொடுப்பது ஏமாற்று.

துணியைப் பார்க்கக் காதும் வேண்டும். புதுப் பாயைக் கசக்கினால் ரெசின் பூச்சு இருப்பதால் சரசரக்கும். ரெசின் போன பாய் பழைய வேட்டியாகத் துவண்டு கிடக்கும். நூலோட்டத்துக்குக் கோணலாக இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். தாராளமாக நீண்டு கொடுத்தால் பாயின் வடிவம் போய்விட்டது என்று அர்த்தம். கிழிசல் ஒன்றுமே இல்லாமல் இருக்கும், படத்திலும் வெள்ளையாக, அழகாகத் தெரியும். ஆனால் காற்றில் ஏற்றினால் பாய் புடைக்கிற வயிறு பின்னால் தள்ளிப் போய், படகு அதிகமாகச் சாயும், காற்றை எதிர்த்து ஏற மாட்டாது. கடலில் ஏற்றும்போது கீழ் ஓரத்தின் நடுவில் உட்கார்ந்து, பாய்மர உச்சி தெரியும்படி நேராக மேலே ஒரு படம் எடுங்கள். வயிற்றின் ஆழமான இடம் முன் ஓரத்திலிருந்து பாதித் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டியிருந்தால் அந்தப் பாய்க்கு விலை போடாதீர்கள்.

முன்பாயை முன் கம்பியில் சுருட்டியபடியே வருஷம் முழுக்க விட்டுவிடுவார்கள். அதனால்தான் ஓரத்தில் அந்தப் பட்டை. சுருட்டினால் பட்டை வெளியே வந்து பாயை முழுதாக மூட வேண்டும். இரண்டு சுற்றுக்கு நடுவே வெள்ளைத் துணி எட்டிப் பார்த்தால் அந்தக் கோடு நெடுக வெந்து போயிருக்கும். பட்டை கிழிந்திருப்பது பெரிய விஷயமில்லை, மாற்றிவிடலாம். கிழிந்த பிறகும் எத்தனை மாதம் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு அடியில் உள்ள துணியைச் சுரண்டிப் பாருங்கள்.

மூன்று மூலையையும் மடித்துத் திருப்பிப் பாருங்கள். வளையத்தைச் சுற்றி நாடா நைந்திருக்கிறதா? மெயின் பாயில் பக்கக் கம்பியும் பாய்மரத்தின் குறுக்குக் கையும் உரசுகிற இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா? ஒட்டு இருப்பதை நான் குறையாக எடுப்பதில்லை. ஓட்டை விழும் முன்னே ஒருவர் யோசித்திருக்கிறார். உரசித் தேய்ந்த இடத்தில் ஒட்டே இல்லையென்றால் அந்தச் சொந்தக்காரர் மேலே நிமிர்ந்து பார்க்கிற வழக்கமில்லாதவர்.

கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகளைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். டாக்ரனில் அது அழகைக் கெடுக்கும், பலத்தைப் பெரிதாகக் கெடுக்காது. விலை குறைக்கக் கேட்க நல்ல காரணம், அவ்வளவுதான். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் உப்போடு மடித்த பாய் ஒருபோதும் காயாது. எங்கள் பக்கம் பாயை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, ஜனவரி, பெப்ரவரி வெயிலில் காயப் போடுவேன். தென்மேற்கு மழைக் காலத்தில் வந்தால் பையைத் திறந்துகூட வைக்க முடியாது, மிஸ்ட் உள்ளே போய்விடும். ஸ்பினேக்கர் என்கிற பலூன் பாய் நைலோன். அதில் ப்ளீச் படக் கூடாது, துணி இற்றுவிடும். டாக்ரனுக்கு மட்டும், அதுவும் தண்ணீர் நிறையக் கலந்து போடலாம். வோஷிங் மெஷினில் எதையும் போடாதீர்கள்.

பட்டியலில் "ஆறு பாய்" என்று போட்டிருப்பார்கள். புயல் பாய் மடிப்புக் கலையாமல் இருக்கும், பலூன் பாயை எப்போதாவது எடுத்திருப்பார்கள். தினமும் உழைத்தது இரண்டுதான். உங்கள் காசு அந்த இரண்டுக்கும்தான்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள்

19 இழை முறுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பி. பத்து வருஷத்துக்கு மேல் போனால் இன்ஷுரன்ஸ்காரர்கள் மாற்றச் சொல்வது வழக்கம். "புதுசுதான்" என்று வாயால் சொல்வதை விடுங்கள், பில்லைக் கேளுங்கள்.

பஞ்சை எடுத்துக் கம்பியில் கீழிருந்து மேலே உருவுங்கள். பஞ்சு சிக்கினால் ஒரு இழை அறுந்திருக்கிறது. ஒரு இழைதானே என்று சொல்லக் கூடாது. அந்தக் கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும், அதே வயசுக் கம்பிகள் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். பிறகு கீழ் முனை. அழுத்திப் பொருத்திய குழாய் மேல் பக்கம் திறந்திருப்பதால் உப்புத் தண்ணீர் அதற்குள் இறங்கி நிற்கும். பூதக்கண்ணாடி வைத்து நீளவாக்கில் முடிக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பி வந்து மாட்டுகிற உலோகப் பட்டை தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற இடம்தான் நிஜமான சோதனை. ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் காற்று வேண்டும். காற்றுப் படாமல் ஈரத்தோடு அடைபட்டால் வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளே அரிக்கும். கெபினுக்குள் அந்தப் பட்டைக்கு நேர் கீழே மரத்தில் பழுப்புக் கறை வழிந்திருந்தால், ஒரு பட்டையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விலையைக் கழற்றுங்கள்.

கயிற்றைச் சுற்றி இழுக்கிற உருளையான விஞ்ச்சைக் கையால் சுற்றுங்கள். டிக் டிக்கென்று சீராக ஒலிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்னப் பற்களுக்கு எண்ணெய்தான் போட வேண்டும். கிரீஸ் அப்பினால் ஒட்டிக்கொண்டு ஒரு நாள் கைப்பிடி திடீரென்று திருப்பி அடிக்கும், மணிக்கட்டு போகும்.

உடம்பு

செருப்பைக் கழற்றிவிட்டுத் தளம் முழுக்க நடங்கள். ஃபைபர் கிளாஸ் தளத்துக்கு நடுவில் பெரும்பாலும் பல்ஸா மரம் அல்லது பிளைவுட் இருக்கும். தண்ணீர் இறங்கினால் அது உளுத்துக் காலுக்கு அமுங்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் பொத்தென்றும் சொல்லும். கம்பிகள் தளத்தில் மாட்டுகிற இடம், பாய்மரத்தின் அடி, ஜன்னல் ஓரம் ஆகிய இடங்களில் நிறையத் தட்டுங்கள்.

கரையில் நிற்கும்போது, அடியில் நீட்டி நிற்கும் கனமான கீல் உடம்போடு சேருகிற கோட்டைப் பாருங்கள், முக்கியமாக முன் முனையில். வாய் திறந்த வெடிப்பும் துருக் கசிவும் இருந்தால் இனி உங்கள் கண் போதாது. படகைச் சோதித்துச் சொல்வதே தொழிலான மரீன் சர்வேயரைக் கூப்பிடுங்கள். சுக்கானைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். அடிப்பாகத்தில் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் படகு செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எத்தனை, எவ்வளவு பெரிது என்று குறித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

தண்ணீர் உள்ளே வெளியே போகிற ஒவ்வொரு துளைக்கும் ஒரு வால்வு இருக்கும். எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே திறந்து மூடுங்கள். இறுகிப்போன வால்வு இல்லாத வால்வுக்குச் சமம். பித்தளை வால்வு இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துவிட்டது. ஒரு உதையில் உடையும். வெண்கலமா என்று கேளுங்கள். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் மென்மரத்தில் செதுக்கிய கூம்பு அடைப்பான் ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கினால் நல்ல சொந்தக்காரர்.

எஞ்சின்

வீட்டுக்காரர் சொல்வது: "சாவியைத் திருப்புறதுக்கு முன்ன கையை வை." எஞ்சின் சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்னே யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த டீசல் எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், தெரியும். முதலில் எண்ணெய் அளக்கிற டிப்ஸ்டிக். எண்ணெய் கறுப்பாக இருப்பது டீசலில் சாதாரணம், பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் பின்னால் எட்டிப் பாருங்கள்: புகையோடு கடல் தண்ணீர் விட்டு விட்டுத் துப்ப வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவது. கறுப்பு, சுமை அதிகம் அல்லது காற்றுப் போதவில்லை. வெள்ளை முதல் நிமிஷத்தில் வந்து மறைந்தால் பரவாயில்லை, மறையாவிட்டால் கேள்வி கேளுங்கள்.

யன்மார் 3ஜிஎம்30 போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் இந்த அளவுப் படகுகளில் நிறைய உண்டு. பழசானாலும் நல்ல எஞ்சின்தான். புகையும் தண்ணீரும் சேருகிற வளைவுக் குழாய் மட்டும் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். கடைசியாக எப்போது கழற்றினார்கள் என்று கேளுங்கள். தண்ணீர்ப் பம்ப்பின் உள்ளே சுற்றுகிற ரப்பர் சக்கரம், இம்பெல்லருக்கும் அதே கேள்வி.

ஃபெக்டரியில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு புத்தகம் உண்டு: எத்தனை மணித்தியாலம் ஓடியது, எண்ணெய் எப்போது மாற்றியது, யார் கை வைத்தது. படகுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உதிரிப்பாக டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். புது ஃபில்டர், புது இம்பெல்லர், கழற்றிய பழசு, பையின் மேல் தேதி, இப்படி இருந்தால் "நன்றாகப் பராமரிக்கப்பட்டது" என்பதை நம்பலாம். துருப்பிடித்த போல்ட்டும் பெயர் தெரியாத வயரும் குவிந்திருந்தால் ஐபேட் மாதிரி மினுங்குகிற சார்ட்பிளொட்டரைக் காட்டினாலும் நம்பாதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

பெட்டரியைச் சார்ஜ் இல்லாமல் ஒரு இரவு விட்டுக் காலையில் அளந்தால் லெட் ஆசிட் வகை 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, 12.2 என்றால் பாதிதான். லித்தியத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைவதற்கென்று அடிப்பாகத்தில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் நல்லது. ஒரு வருஷமாகத் தண்ணீரில் கிடந்தும் புதுசாகவே இருந்தால் அதற்கு இணைப்பே இல்லை. அதற்குப் பதில் வேறு ஏதோ கரைந்துகொண்டிருக்கிறது.

நங்கூரச் சங்கிலியை முழுதாக வெளியே எடுங்கள். மேலே கிடப்பது பளபளக்கும், துரு அடியில் இருக்கும். 10 மில்லிமீட்டர்ச் சங்கிலி ஒரு மீட்டர் 2.3 கிலோ அளவில் வரும்; 60 மீட்டரைத் தனியாளாக இழுக்க நினைக்காதீர்கள். கடைசிக் கண்ணியைப் படகோடு கயிற்றால் கட்டியிருக்க வேண்டும், ஆபத்தில் கத்தியால் அறுக்க வசதியாக.

உயிர்காப்புத் தெப்பம், ஆபத்தைக் காட்டக் கொளுத்துகிற வெளிச்சக் குண்டு, ஆபத்தில் சாட்டிலைட் வழியாகச் சிக்னல் அனுப்புகிற ஈபேர்ப் எல்லாவற்றிலும் தேதி அச்சடித்திருக்கும். தேதி போனதெல்லாம் பட்டியலில் இருந்தாலும் விலையில் இல்லை. ஈபேர்ப்பை உங்கள் பெயருக்கு மாற்றிப் பதிய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நீங்கள் கடலில் தத்தளிக்கும்போது பழைய சொந்தக்காரரான யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டு ஃபோன்தான் அடிக்கும். காஸ் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கிற துளை இருக்கிறதா பாருங்கள். காஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் படகின் வயிற்றில் போய்த் தங்கும்.

வெளிநாட்டுக் கொடியோடு வந்த படகென்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே சுங்கத்தில் நேரே போய்த் தீர்வை விஷயம் பேசுங்கள். விற்கிறவர் சொல்கிற கணக்கையோ புரோக்கர் சொல்கிற கணக்கையோ கேட்டுக்கொண்டு வராதீர்கள். பதிவுச் சான்றிதழில் இருக்கிற பெயரும் கையெழுத்துப் போடுகிறவர் பெயரும் ஒன்றா என்பதையும் பாருங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கடலில் ஓட்டிப் பார்க்க அரை நாளாவது கேளுங்கள். எல்லாப் பாயையும் ஏற்றி இறக்குங்கள், சுருக்கிக் கட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் திருப்புங்கள். எஞ்சினை முழு வேகத்தில் கால் மணித்தியாலம் விட்டு வெப்பமானியைப் பாருங்கள். திரும்பி வந்ததும் அடித்தளப் பலகையைத் தூக்குங்கள். காலையில் காய்ந்திருந்த இடத்தில் தண்ணீர் வந்திருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்பா, நல்ல தண்ணீரா என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பாயைத் தைக்க மலைக்கு, என்னிடம் அனுப்புவதென்றால், காய வைத்து, விசிறி மடிப்பாக மடித்து அனுப்புங்கள், அமுக்கித் திணிக்காதீர்கள். பழுதான இடத்தில் பேனாவால் வட்டம் போட வேண்டாம், மை போகாது. சின்னத் துண்டு டேப் ஒட்டினால் போதும். டிசம்பரிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். மஸ்கெலியா பஸ்ஸில் ஆளுக்கே இடம் இருக்காது, பாய்ப் பையை இறக்கி வைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் ஹட்டன் வரைக்கும் போட்டுவிட்டுச் சொல்லுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம். பெயரும் ஃபோன் நம்பரும் எழுதிய துண்டைப் பைக்கு உள்ளே போடுங்கள். வெளியே கட்டியது ஹட்டன் மழையில் தங்காது.